திருப்பணிக்கு முன்னால் கோயிலை 3டி ஸ்கேன் செய்வது: போன் போதுமா, கம்பெனியைக் கூப்பிட வேண்டுமா?

வெள்ளாற்றங்கரை:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் வெள்ளாற்றை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரைப் பொதுவில் போட யோசனையாக இருக்கிறது, மன்னிக்கவும். ஒரு சின்னச் சிவன் கோயில். கருவறை, அர்த்தமண்டபம், பிற்காலத்தில் முன்னால் சேர்த்த மகாமண்டபம், அவ்வளவுதான். அதிட்டானம் என்னும் அடித்தளத்திலிருந்து கூரை வரை கல், மேலே விமானம் மட்டும் செங்கல்லும் சுதையும். அதிட்டானத்தின் உருண்ட வரிசையான குமுதத்தைச் சுற்றி, அதற்கு மேல் பட்டை போல வரும் பட்டிகையில், தெற்குச் சுவரில் என்று கல்வெட்டு ஓடுகிறது. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லை, அறநிலையத்துறைக் கோயில்.

தை மாதம் பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவது) என்று பேச்சு. அப்புறம் திருப்பணி தொடங்கும். பிராகாரத்துக்குக் கிரானைட் தரை, சுதைக்கு வர்ணம், கல் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, மகாமண்டபத்தில் சாய்ந்து நிற்கும் தூண்களைப் பிரித்துத் திரும்ப நிறுத்துவது, இதெல்லாம் பட்டியலில் இருக்கிறது. தொண்ணூறுகளில் நடந்த திருப்பணியில் தரையை உயர்த்தியதில் அதிட்டானத்தின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. தெற்குச் சுவரில் கல்வெட்டின் மேலேயே உபயதாரர் பெயர் பொறித்த சலவைக்கல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டார்கள். இந்த முறையும் அப்படி ஏதாவது நடப்பதற்குள் இப்போது இருக்கிறபடி முழுக்கோயிலையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று நாங்கள் சிலர் நினைக்கிறோம்.

ஒரு கம்பெனியிடம் கேட்டோம். மூன்றரை லட்சம், டிஜிட்டல் ட்வின் (கோயிலின் கணினி நகல்), விஆர் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். என் அக்கா மகன், "எதுக்கு மாமா, என் ஐபோன் புரோவில் லைடார் இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்" என்கிறான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் கையில் ஐம்பது அறுபதாயிரம் வரை புரட்ட முடியும், ஒருவரிடம் நல்ல கேமரா இருக்கிறது. கல்வெட்டு எழுத்து பிற்காலத்தில் படிக்கும்படி பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். என்ன செய்யலாம்?

டோட்டல்ஸ்டேஷன்:

நான் லேசர் ஸ்கேனிங் தொழிலில்தான் இருக்கிறேன், ஆனால் கோயில் இல்லை, ரிஃபைனரி, பாய்லர், பைப்லைன். அது ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. இந்தக் கருவியே வரைபடம் தொலைந்துபோன பழைய ஆலைகளை அளக்கப் பிறந்ததுதான். மோசுலில் பிறந்து அமெரிக்காவில் சிவில் இன்ஜினியராக இருந்த பென் காசிரா, சைரா என்ற கம்பெனி மூலம் லேசர் ஸ்கேனரைச் சந்தைக்குக் கொண்டுவந்து 2001-ல் அளவைக் கருவி நிறுவனமான லைக்காவுக்கு விற்றார். அதே 2001 மார்ச்சில் தாலிபான்கள் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தகர்த்தார்கள். அதைப் பார்த்தபின் 2003-ல் அவர் தொடங்கியதுதான் சைஆர்க், பழஞ்சின்னங்களை 3டியில் பதிவு செய்யும் அமைப்பு. நம் 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே குஜராத்தின் ராணி கி வாவ், அதை 2011-ல் ஸ்காட்லாந்துக் குழுவோடு சேர்ந்து ஸ்கேன் செய்தது இவர்கள்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் அந்த ஐபோன் லைடாரை இதற்கு மறந்துவிடுங்கள். 2020-ல் 12 புரோவோடு வந்தது, 5 மீட்டர் வரை பார்க்கும், அறைக்குள் சோபா எங்கே போடலாம் என்று பார்க்க அருமையானது. ஆனால் அது தரும் வடிவத்தில் சென்டிமீட்டர் கணக்கில் பிசகு இருக்கும். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். மாப்பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துத் தரும் கோயிலில் சுவர் இருக்கும், எழுத்து இருக்காது. மேலே ஒட்டிய போட்டோவால் எழுத்து இருப்பது மாதிரி தெரியும், அதை நம்பி ஏமாறாதீர்கள், மாடலில் நிறத்தை அணைத்துவிட்டு வெறும் வடிவத்தைப் பாருங்கள், மெழுகு உருகின மாதிரி இருக்கும்.

முக்காலியில் நிறுத்தும் பெரிய ஸ்கேனர் வேறு ரகம். லைக்கா ஆர்டிசி360 நொடிக்கு 20 லட்சம் புள்ளி வரை அளக்கும், 10 மீட்டர் தூரத்தில் சுமார் 2 மி.மீ. துல்லியம். சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தூண் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது, விமானம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இதிலும் கல்வெட்டு சரியாக வராது, ஏனென்றால் அதன் மிக நெருக்கமான அமைப்பிலேயே 10 மீட்டரில் புள்ளிக்குப் புள்ளி 3 மி.மீ. இடைவெளி. கிட்டே கொண்டுபோனால் இடைவெளி குறையும், ஆனால் அளவீட்டில் வரும் சிறு தடுமாற்றத்தில் தேய்ந்த எழுத்து மங்கிவிடும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கட்டடத்துக்கு லேசர், கல்வெட்டுக்குக் கேமரா. உங்கள் கோயில் அளவுக்கு லேசர் வேலை களத்தில் ஒரு நாள்கூட ஆகாது. ட்வின், விஆர், வாய்ஸ் ஓவரோடு பறக்கும் வீடியோ எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, களவேலையும் இணைத்த தரவும் மட்டும் என்று விலை கேட்டுப் பாருங்கள், தொகை நிறையவே இறங்கும். எழுத்தில் வாங்க வேண்டியது இவ்வளவு: ஸ்கேனரை நிறுத்திய ஒவ்வொரு இடத்தின் மூலத் தரவு, எல்லாம் இணைத்த இ57 கோப்பு (எந்த மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவம்), இணைப்பில் எவ்வளவு பிசகு என்று காட்டும் அறிக்கை, அப்புறம் தரவு உங்களுக்கே சொந்தம் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிக்குத் தயங்குகிற ஆள் வேண்டாம்.

மசிப்படி:

ஸ்கேன் பேச்சு நடக்கட்டும். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தீர்களா? புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-லேயே தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டது. நிறைய மாவட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாவட்ட நூலகத்திலோ அரசு அருங்காட்சியகத்திலோ கேளுங்கள், இணையத்திலும் பிடிஎஃப் கிடைக்கும். பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வாருங்கள். சலவைக்கல்லுக்குப் பின்னால் எத்தனை வரி, மண்ணுக்குள் போனது என்ன, இன்று கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்தது எது என்று எல்லாம் தெரிந்துவிடும். பாடத்தில் இருந்து சுவரில் இல்லாத கல் ஏதாவது இருந்தால் பிராகாரத்தில் படிக்கல்லாகக் கிடக்கிறதா என்று தேடுங்கள். நான் சும்மா சொல்லவில்லை, திருப்பணிகளில் கல் இடம் மாறுவது அவ்வளவு சாதாரணம், வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லில் வேறொரு மன்னனின் மெய்க்கீர்த்தி (புகழுரை) நடுவிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது, 3டி மாடல் என்பது படிப்பு இல்லை. கம்பெனிக்காரர் கல்வெட்டை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை யார் படிப்பது? தேய்ந்த எழுத்தில் அது 'ர' வா 'க' வா 'த' வா என்று தீர்மானிக்க, அந்தக் காலத்து எழுத்தும் அந்தப் பகுதி ஊர்ப் பெயர்களும் நிலஅளவுப் பெயர்களும் தெரிந்த ஒருவர் கல்லுக்கு முன்னால் உட்கார வேண்டும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதனால் அனுமதி வாங்கிக்கொண்டு மசிப்படியும் எடுத்துவிடுங்கள். ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, காய்கிற பதத்தில் மை ஒற்றுவது. கல்லுக்குச் சேதமில்லாமல் செய்யத் தெரிந்தவர்கள் மாவட்டத்திலேயே இருப்பார்கள், அருங்காட்சியகத்தில் விசாரித்தால் யாரையாவது கை காட்டுவார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் எடுத்த படிகளை இன்றும் விரித்துப் படிக்கிறோம், மின்சாரம் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம்.

மூன்றாவது, எழுத்து தெரிய வேண்டும் என்று ஆர்வக்கோளாறில் சாக்பீஸ், கோலமாவு, விபூதி எதையும் தேய்க்காதீர்கள். தேய்க்கிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் நிரப்புவார், அது போட்டோவில் நிரந்தரமாகிவிடும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகக் கூடாது. மணல்வீச்சுக்குத் தடை இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தண்ணீர்தானே என்று வண்டி கழுவும் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து கல்லில் ஒட்டிப் பிடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பொரிந்த கல்லில் அது மேல் தோலையே உரித்துவிடும். கழுவும் வேலைக்கு முன்னால் பதிவு முடிந்திருக்க வேண்டும். கழுவிய பிறகு கல்வெட்டுப் பகுதியை மட்டும் இன்னொரு முறை எடுத்தால் இன்னும் நல்லது, சுண்ணாம்பு போனதும் புது எழுத்துகள் வெளியே வரும்.

குறுக்குவெட்டு:

கேமரா பகுதியை நான் சொல்கிறேன், நடுகற்களையும் சின்னக் கோயில்களையும் போட்டோகிராமெட்ரியில், அதாவது நிறையப் படம் எடுத்து அவற்றிலிருந்து கணினியில் 3டி மாடல் செய்யும் முறையில், எடுப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 35 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒரு பிக்சல் கல்லில் 0.11 மி.மீ. இது போதும், தாராளம். ஒரு படத்தில் ஏறக்குறைய 67 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் விழும். பக்கவாட்டில் முக்கால் பாகம், மேல்கீழ் அறுபது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரமுள்ள அதிட்டானத்துக்கே 300 படம் பக்கத்தில் வந்துவிடும். நேராக எடுத்ததோடு நிற்காமல் குமுதத்தின் வளைவுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் சாய்த்து ஒரு வரிசை எடுங்கள், இல்லாவிட்டால் வளைவின் அடிப்பக்கம் ஓட்டையாக இருக்கும். மூலைகளில் சட்டென்று திரும்பாமல் சிறுசிறு அடியாகச் சுற்றி வர வேண்டும், முக்கால்வாசி மாடல் மூலையில்தான் உடைகிறது.

ஜூம் லென்ஸ் என்றால் ஒரே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எஃப்8, குறைந்த ஐஎஸ்ஓ, ரா (RAW) வடிவத்தில் எடுங்கள். வெயில் நேராக விழும் நேரம் வேண்டாம், மேகமூட்டமான நாள் சொர்க்கம், இல்லையென்றால் விடிந்ததும் ஒரு மணி நேரம். பாதி நிழல் பாதி வெயிலில் எடுத்தால் நிழலின் கோடும் சேர்ந்து பதிந்து, எது வெட்டு எது நிழல் என்று குழப்பும்.

அளவு இல்லாத மாடல் வெறும் பொம்மை. 1 மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் இரண்டு மூன்றைச் சுவரடியில் வேறு வேறு திசையில் வைத்து எடுங்கள். டோட்டல்ஸ்டேஷன் சொன்ன லேசர் வேலை நடக்கும்போது அவர்கள் ஒட்டும் குறிகளைப் பிடுங்கவிடாதீர்கள், அதே குறிகள் உங்கள் போட்டோவிலும் விழுந்தால் இரண்டு தரவும் ஒரே அளவுச்சட்டத்தில் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்துவிடும். கல்லில் எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது, சிமெண்ட் பூச்சிலோ தரையிலோ ஒட்டலாம்.

சாஃப்ட்வேர்: மெஷ்ரூம் இலவசம், திறந்த மூலம். ரியாலிட்டிகேப்சர் இப்போது ரியாலிட்டிஸ்கேன் என்ற பெயரில் இருக்கிறது, சின்ன வருமானம் உள்ளவர்களுக்கு இலவசம், வேகம் அதிகம். இரண்டுக்கும் என்விடியா கார்டு உள்ள கணினி வேண்டும், யாராவது கேம் விளையாடும் கல்லூரிப் பையன் வீட்டில் இருக்கும். போட்டோக்களிலிருந்து 3டி காட்சி உருவாக்கும் காஸியன் ஸ்பிளாட்டிங் என்று 2023-லிருந்து ஒன்று ஓடுகிறது, பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஊர்க்காரர்களுக்குக் காட்ட நல்லது, அளவெடுக்க அதை நம்ப வேண்டாம்.

தேய்ந்துபோன கல்வெட்டு மட்டும் இருக்கிறதே, அதற்கு இன்னொரு முறை. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் பளபளப்பான கருப்பு உருண்டை ஒன்றை வைத்து, ஃபிளாஷை மட்டும் வேறு வேறு கோணத்தில் நகர்த்தி நாற்பது ஐம்பது படம். உருண்டையில் தெரியும் வெளிச்சப் புள்ளியை வைத்து ஒளி வந்த திசையைக் கணினி கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் திரையில் சூரியனை நம் இஷ்டத்துக்கு நகர்த்தி எழுத்தைப் படிக்கலாம். 2001-ல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் கொண்டுவந்த முறையிலிருந்து வளர்ந்தது. ஆர்டிஐ என்று தேடினால் தகவல் உரிமைச் சட்டம்தான் வரும், ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங் என்று முழுதாகத் தேடுங்கள். ரிலைட் என்ற இலவச மென்பொருள் போதும். இதுவும் முடியாது என்றால் இருட்டின பிறகு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து நாலு பக்கமிருந்தும் நாலு படம், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

விமானத்துக்கு டிரோன் ஆசை வரும். 250 கிராமுக்குள் இருக்கும் நானோ வகைக்கு 2021 விதிகளில் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், செயல் அலுவலரிடமும் காவல்நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒரு தள விமானம்தானே, நீளமான அலுமினியக் கம்பில் கேமராவைக் கட்டிக்கூட எடுத்துவிடலாம். திருப்பணிக்குச் சாரம் கட்டிய பிறகு சுதையைக் கிட்டே போய் எடுக்கலாம், வர்ணக்காரர் ஏறுவதற்கு முன்னால்.

ஆடிவீதி:

எல்லோரும் கருவி பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் குறுக்கே வருகிறேன். எனக்கு இந்த ஸ்கேன் மோகத்தில் ஒரு பயம் இருக்கிறது. பதிவு செய்துவிட்டோமே என்ற தைரியத்தில் அசலை இடிக்கவிடுவார்கள். நாளைக்குக் கமிட்டியே, "அதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சே, கல்லை மாற்றினால் என்ன" என்று கேட்கும்.

பாரிஸின் நோத்ரதாம் தேவாலயத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்கு மறுநாளே ஒரு வீடியோ கேமில் இருக்கும் மாடலை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அது அளந்து செய்த மாடலே இல்லை, ஆட்டத்துக்காகக் கலைஞர்கள் உருவாக்கியது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து லேசரால் எடுத்தது இருந்தது, 100 கோடிப் புள்ளிகளுக்கு மேல். அது உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எரிந்துபோன ஓக் மரக் கூரைச்சட்டம் இருக்கிறதே, அதைத் தச்சர்கள் திரும்பச் செய்யக் கைகொடுத்தது ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் திராந்தெசோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் 2014-ல் ஒவ்வொரு உத்திரமாக அளந்து வரைந்து வைத்த படங்கள். ஏன்? வரைகிறவன் பொருத்து எங்கே இருக்கிறது, எந்த மரம் எதைத் தாங்குகிறது, எது பிற்காலத்தில் மாற்றியது என்று யோசித்துக்கொண்டே வரைகிறான். ஸ்கேனருக்கு ஒட்டடையும் உத்திரமும் ஒன்றுதான்.

அதோடு, இந்த ஹார்ட் டிஸ்க்கை யார் காப்பாற்றப் போகிறார்கள்? கமிட்டித் தலைவர் வீட்டு அலமாரியில் நாலு வருடம் கிடந்தால் திறக்காது. என்னைக் கேட்டால் அந்த அறுபதாயிரத்தைக் கொடுத்து, விவரம் தெரிந்த ஒரு பாதுகாப்புப் பொறியாளரைக் கூட்டி வந்து தூண் ஏன் சாய்ந்தது என்று பார்க்கச் சொல்வேன். காளஹஸ்தி ராஜகோபுரம் 1516-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது, 2010 மே 26 இரவு சரிந்தது. அங்கே குறைவாக இருந்தது ஸ்கேனா?

டோட்டல்ஸ்டேஷன்:

ஆடிவீதி, வரைகிறவர் யோசிக்கிறார் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் காளஹஸ்தி உதாரணம் எனக்குத்தான் சாதகம். விரிசல் தெரிந்தது என்கிறீர்கள், அது வருடத்துக்கு எவ்வளவு விரிகிறது என்று தெரிய வேண்டும் இல்லையா? ஒரே இடத்தை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்தால், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று நிறத்தில் வந்துவிடும், கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளே செய்யும். நீங்கள் கூட்டி வரச் சொல்லும் பொறியாளர் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான்.

பதிவு செய்து வைத்தபின் அசலே போய்விட்ட கதைகள் உண்டு. உகாண்டாவில் கசுபி அரச சமாதிகளை 2009-ல் ஸ்கேன் செய்தார்கள், 2010 மார்ச்சில் எரிந்துபோனது. பாமியான் கதை இன்னும் சுவாரசியம். சிலைகள் போன பிறகு சூரிச்சில் ஆய்வாளர்கள் பெரிய புத்தரைக் கணினியில் திரும்ப உருவாக்கியபோது, அளவீட்டுத் துல்லியத்துக்கு அவர்கள் நம்பியது 1970-ல் ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா அளவீட்டுக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்களைத்தான். முப்பது வருடம் கழித்து யார் என்ன செய்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் மாடலைவிட மூலப் படங்களைக் காப்பாற்றுங்கள் என்கிறேன். இன்றைய மென்பொருள் செய்யும் மாடல் பத்து வருடத்தில் சிரிப்பாக இருக்கும், படம் சரியாக இருந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

வெள்ளாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 1929 புத்தகத்தின் பிடிஎஃப் கிடைத்துவிட்டது, எங்கள் கோயிலின் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன, சலவைக்கல் மறைத்திருப்பது ஒரு நிலதானத்தின் எல்லை சொல்லும் பகுதி என்று இப்போது தெரிகிறது. அதைக் காட்டியதும் கமிட்டிப் பெரியவர் ஒருவரே பலகையைக் கழற்றி மதிலில் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார், ஏனென்றால் அந்த எல்லையில் வரும் வாய்க்காலின் பெயர் இன்றும் அவர் வயலோரம் ஓடும் வாய்க்காலின் பெயர்தான். ஆடிவீதி சொன்னதும் மனதில் விழுந்திருக்கிறது, தூண் விஷயத்துக்குப் பொறியாளர் தேடுகிறோம்.

செயல் அலுவலரிடம் பேசினேன். உதவி ஆணையருக்கு முகவரியிட்டுக் கடிதம் கொடுங்கள், எதை எடுக்கிறீர்கள், யார் யார் வருகிறார்கள், தரவு யாரிடம் இருக்கும் என்று எழுதுங்கள் என்றார். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று சொன்னதிலிருந்து கேமராவைப் பார்த்தாலே எல்லோரும் பதறுகிறார்கள் போல.

இன்னும் ஒரு சந்தேகம், ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம். கோஷ்டச் சிற்பங்கள் (வெளிச்சுவர் மாடங்களில் இருப்பவை) நன்றாக இருக்கும், உற்சவர் திருமேனிகள் இரண்டு உண்டு. இரவுக் காவல் கிடையாது. மாடலை இணையத்தில் போட்டால் திருடனுக்கு நாமே வழிகாட்டிய மாதிரி ஆகாதா?

அரிசிலாறு:

பதிவு இல்லாததுதான் திருடனுக்கு வசதி. திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார்களே, அவை அந்தந்தக் கோயிலில் இருந்தவைதான் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய போட்டோக்கள். 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கோயிலும் அதில் இருக்கலாம், எழுதிக் கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு இன்னொரு லாபம், தரையை உயர்த்துவதற்கு முன்னால் அதிட்டானம் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் பதிவு செய்வது வேறு, ஊருக்கெல்லாம் காட்டுவது வேறு. உற்சவர் திருமேனிகளையும், தனியாகப் பெயர்த்துத் தூக்கக்கூடிய சிற்பங்களையும் எல்லாப் பக்கமும் ஸ்கேலோடு எடுத்து, அளவு, எடை, எங்கே சிதைவு, எங்கே ஒட்டுப்போட்டது என்று எழுதி அலுவலகத்தில் ஒரு பிரதி, காவல்நிலையத்தில் ஒரு பிரதி என்று வையுங்கள். அபிஷேக அலங்காரம் இல்லாத நேரத்தில், குருக்கள் சம்மதத்தோடு, அவரே கூட இருக்கும்போது எடுப்பது நல்லது. கருவறைக்குள் கேமரா போக வேண்டாம், அதைக் கேட்டு இருக்கிற நல்ல பெயரையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நிறுத்திய ஸ்கேனருக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு போதும், அதற்கும் கேட்டுக்கொண்டுதான். இணையத்தில் கல்வெட்டுச் சுவரின் மாடலை மட்டும் போடுங்கள், கல்வெட்டை யாரும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போக முடியாது. போட்டோவில் ஜிபிஎஸ் ஒட்டியிருக்கும், ஏற்றும் பிரதியில் மட்டும் அதை நீக்கிவிடுங்கள், மூலத்தில் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க் கேள்விக்கு: மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். பொதுவில் வைக்கலாம் என்று முடிவு செய்த பகுதியை செனோடோவில் ஏற்றலாம், ஜெனீவா செர்ன் ஆய்வகம் நடத்துவது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், நிரந்தர எண்ணும் கிடைக்கும்.

மசிப்படி:

வாய்க்கால் பெயரைக் கேட்டதும் எனக்கே புல்லரித்துவிட்டது. பலகையை எடுக்கும்போது கிரைண்டர் வேண்டாம், உளியைச் சலவைக்கல் பக்கம் சாய்த்துப் பிடித்து அதை உடைத்து எடுக்கச் சொல்லுங்கள், போனால் அது போகட்டும். கல்வெட்டில் ஒட்டி நிற்கும் சிமெண்டை அன்றே சுரண்டாதீர்கள், ஒரு ஸ்தபதியை வைத்து நிதானமாக எடுக்க வேண்டியது. தூண்களைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு உறுப்புக்கும் எண் போடுங்கள், பெயிண்டில் இல்லை, கட்டித் தொங்கவிடும் தகட்டில். எண்ணோடு சேர்த்து மாடலில் குறித்துக்கொண்டால் போதிகை (தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் கல்) திசை மாறாமல் திரும்ப உட்காரும்.

படி எடுக்க நானே வருகிறேன், கடிதம் கிடைத்ததும் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

குறுக்குவெட்டு:

மொத்தமாக எடுக்கப் போகும் முன் வடக்குச் சுவரில் 2 மீட்டர் நீளத்துக்கு மட்டும் சோதனைக்கு எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு ஓவர்லாப், ஃபோகஸ் எல்லாம் சரியா என்று சொல்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். படத்தைச் சுருக்கிவிடும், லென்ஸ் விவரத்தையும் உரித்துவிடும், அது இல்லாமல் மென்பொருள் தடுமாறும். ராவும் ஜேபெக்கும் சேர்த்து டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள். பாலாலயத்துக்கு முந்தின வாரம் பந்தல் போட்டுவிடுவார்கள், அப்புறம் சுவரைச் சுற்றி வர இடம் இருக்காது, அதற்குள் முடித்துவிடுங்கள்.